இரண்டாம் பத்தி மட்டும்

1

இந்தக் கதை எனக்கு என் மகள் கல்யாணத்தால் கிடைத்தது. அழைப்பிதழ் உறைகளில் ஒட்டுவதற்குப் பெயர்கள் வேண்டியிருந்தன. பெயர், ஊர், போன் நம்பர், யார் வழி உறவு என்று எல்லாம் சேர்ந்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடந்தது. அதிலிருந்து பெயரை மட்டும் உருவித் தரும்படி ஜெப்ஸியைக் கேட்டேன்.

ஜெப்ஸியும் நானும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவள் இருக்கிறாள். கன்டெய்னர் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டி, வேண்டிய பத்தியை மட்டும் தனியே எடுத்துவிடுவாள். நாங்களெல்லாம் மவுஸைப் பிடித்துக்கொண்டு அரை நாள் மல்லுக்கட்டுகிற வேலை அது.

(ஆபீஸில் இதைப் பத்தி என்று யாரும் சொல்வதில்லை. ‘காலம்’ என்போம், இங்கிலீஷ் ‘column’. அப்படியே எழுதினால் நீங்கள் பொழுதை நினைத்துக்கொள்வீர்கள். அதனால் செய்தித்தாள்காரர்களிடம் கடன் வாங்கிப் ‘பத்தி’ என்கிறேன்.)

அன்று அவள் எதையும் தட்டவில்லை. ஃபைலைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும், என் பெண்டாட்டிக்கே முகம் மறந்துபோனவர்கள் உட்பட, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கொடுத்த காப்பி ஆறிப்போனது.

“ஏம்மா, தலையில நாலு வரி பாத்தா போதாதா? எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கும்?” என்றேன்.

“அப்படி நெனச்சுத்தான் அண்ணாச்சி ஒரு மனுசனச் சாவடிச்சேன்” என்றாள்.

பிறகு சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு, எழுதலாமா என்று கேட்டேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது?

“எழுதுங்க. என்னய நல்லவளா மட்டும் ஆக்கிராதீங்க.”

சுலபமான நிபந்தனை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஐப்பசி மாதத்துக் கடல் கறுத்துக் குமுறிக்கொண்டு’ –

வேண்டாம். கடற்கரைக் கதை என்றால் முதல் வரியிலேயே கடல் குமுற வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அன்று கடல் சும்மாதான் கிடந்தது.

இரண்டாம் தொடக்கம்: ‘பங்குச் சாமியார் மட்டும் அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்’ –

இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே பழியைத் தூக்கிச் சாமியார் தலையில் வைக்கிறேன். நிபந்தனையை மீறுகிறேன்.

மூன்றாம் தொடக்கம்: ஜெப்ஸி நாசரேத்துக்காரி.

இதில் பொய் இல்லை. இங்கிருந்து போகலாம்.

ஜெப்ஸி நாசரேத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். சி.எஸ்.ஐ. குடும்பம், அதாவது புராட்டஸ்டன்ட். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் இனிகோவைக் காதலித்தாள். அவன் கடற்கரை ஊர்க்காரன், ஆர்.சி., அதாவது கத்தோலிக்கன். இரண்டு வீட்டிலும் இடித்துப் பேசி, கடைசியில் அவன் ஊர்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனாள். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கு வடக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் அவளைத் தள்ளி வைக்கவில்லை. குழம்பு வைத்தால் கிண்ணத்தில் வரும். ஆனால் பூசையில் எந்த இடத்தில் முழங்கால் போடுவது, எப்போது எழுவது என்று பக்கத்தில் நிற்கிற பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. ஆபீஸில் நாலு பேர் வந்து சந்தேகம் கேட்கிற ஆளுக்கு இது உறுத்தியது. இந்த ஊருக்கு நம்மால் ஆன ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் அவளுக்கு முதல் கல்லறைத் திருநாள் வந்தது.

3

நவம்பர் இரண்டாம் தேதி. செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் நாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக இருக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தங்கள் வீட்டு ஆத்துமாக்களின் பெயர்களைக் கோயிலில் கொடுத்துவிடுவார்கள். அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பெயர்களும் மைக்கில் வாசிக்கப்படும். வருடா வருடம் வாசிப்பவர், சாமியாருக்கு உதவியாகக் கோயிலில் இருக்கும் உபதேசியார். அந்த வருடம் அவர் கண் ஆப்பரேஷனுக்காக நாகர்கோவிலில் இருந்தார். பங்குச் சாமியார் ஊருக்குப் புதிது. தானே வாசிப்பதாகச் சொல்லிவிட்டார்.

கோயில் ஆபீஸில் எல்லாவற்றையும் டைப் செய்து ஃபைலாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று பத்திகள். கொடுத்தவர் யார், யாருடைய பெயர், என்ன கருத்துக்காக. பூசைக்குப் பெயர் கொடுப்பவர்கள் எதற்காக வேண்டிக்கொள்கிறார்களோ அதைக் ‘கருத்து’ என்பார்கள்.

“எனக்கு வாசிக்கிற பேரு மட்டும் போதும்மா. பெரிய எழுத்துல இருந்தா நல்லது” என்றார் சாமியார், ஜெப்ஸியிடம்.

“அஞ்சு நிமிச வேல சாமி” என்றாள் ஜெப்ஸி.

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில், ஃபைலின் தலைப்பகுதியில் பத்து வரிகளை மட்டும் காட்டும் கட்டளையைத் தட்டினாள். பத்து வரியிலும் மூன்றாம் பத்தியில் ‘ஆத்துமா இளைப்பாற’ என்றே இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அடுத்ததாக அவள் தட்டிய வரி இது:

cut -f2 nov2.txt > vasikka.txt

கட் என்றால் வெட்டு. எஃப் இரண்டு என்றால் இரண்டாம் பத்தி. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் இருப்பது, வெட்டியதைப் போட்டு வைக்கப் புதிதாக ஒரு ஃபைல். இந்தக் கட்டளை எதையும் திருப்பிக் கேட்காது. ‘மற்ற இரண்டும் வேண்டாமா, நிச்சயமா?’ என்றெல்லாம் பெட்டி ஒன்று வந்து நிற்காது. வேலை முடிந்ததா என்றுகூடச் சொல்லாது.

சாமியார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு “அடேங்கப்பா” என்றார். ஜெப்ஸிக்கு அந்த ‘அடேங்கப்பா’ ரொம்பப் பிடித்திருந்தது. அதை என்னிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃபைலின் நடுவில் எங்கோ ஒரு வரியில் மூன்றாம் பத்தி வேறு மாதிரி இருந்தது. கொடுத்தவர்: அமலோற்பவம். பெயர்: கஸ்பார் மச்சாது. கருத்து: கரை சேர.

4

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். சாமியார் ஊருக்குப் புதிது என்பதால் அவரும் பொறுப்பு, டைப் அடித்தவர் அந்த வரியைக் கடைசியில் தனியாகப் போட்டிருக்க வேண்டும், உபதேசியார் ஆப்பரேஷனைத் தள்ளி வைத்திருக்கலாம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. ‘4’ என்ற எண்ணை மட்டும் விட்டு வைக்கிறேன், என் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும்.]

5

கஸ்பார் யார் என்று சொல்ல வேண்டும்.

இனிகோ வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள் அமலோற்பவம். அவள் புருஷன் கஸ்பார் வள்ளத்தில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. தேடினார்கள். மனு கொடுத்தார்கள். வள்ளம் மட்டும் இலங்கைப் பக்கம் கல்பிட்டியில் ஒதுங்கியதாகச் சேதி வந்தது. ஆளைப் பற்றித் தகவல் இல்லை. வருடம் இரண்டு ஓடிவிட்டது. ஊர் மனசுக்குள் அவனைப் புதைத்துவிட்டது. அவனுடைய அண்ணன் தொம்மை, ஒரு சிலுவையையாவது நட்டு அவன் ஆத்துமாவைக் கரையேற்றுவோம் என்று பலமுறை கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல. தம்பியை அந்தரத்தில் விட்டு வைத்திருப்பது அவரால் தாங்க முடியவில்லை.

அமலோற்பவம் மட்டும் மசியவில்லை. “வள்ளம் கரை சேந்துச்சுல்லா? வள்ளத்துக்கு இருக்கிற அறிவு அவுகளுக்கு இருக்காதா?” என்பாள். கழுத்தில் தாலி கிடந்தது.

கல்லறைத் திருநாளில் அவளும் புருஷன் பெயரைக் கொடுப்பாள். அதற்குக் காரணம் உண்டு. அவள் கொடுக்காவிட்டால் வேறு யாராவது பிரியத்தில் ‘ஆத்துமா இளைப்பாற’ என்று கொடுத்துவிடுவார்கள். முந்திக்கொண்டு ‘கரை சேர’ என்று கொடுத்துவிட்டால், அவன் உயிரோடு இருக்கிறவன் கணக்கு. உபதேசியாருக்கு இது தெரியும். செத்தவர்கள் பெயரையெல்லாம் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, “கடலில் போன கஸ்பார் நல்லபடியாகக் கரை சேர” என்று தனியாகச் சொல்வார். எல்லாரும் கடல் பக்கம் திரும்பி நின்று ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்வார்கள். எல்லாக் கடற்கரையிலும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் ஊரில் உண்டு.

அந்த வருடம் சாமியார் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். ஜெப்ஸி முன்வரிசையில் நின்றாள். பெரிய எழுத்தில் அவள் எடுத்துக் கொடுத்த தாளைச் சாமியார் சிரமமில்லாமல் வாசிப்பதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கலிஸ்தா ரொட்ரிகோ. கஸ்பார் மச்சாது. காணிக்கைமேரி –

தொம்மை சிலுவை போட்டுக்கொண்டார். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அமலோற்பவம் வாசல் பக்கம் நின்றாள். அவளுக்கு அந்தத் தோட்டத்தில் கல்லறை கிடையாது, அதனால் எப்போதும் வாசல் பக்கம்தான் நிற்பாள். அவள் கத்தவில்லை. ‘தப்பு’ என்று சொல்லவில்லை. சாமியார் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் சொன்னதை வைத்துப் பார்த்தால், சாமிக்கு எங்கிருந்தோ சேதி வந்துவிட்டது, தன்னிடம் நேரில் சொல்ல மனசு வராமல் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

பெயர்கள் எல்லாம் முடிந்தன. கடல் பக்கம் யாரும் திரும்பவில்லை. அமலோற்பவம் நடந்து போய்த் தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அழுகிறாள் என்று பெண்கள் கூடிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெப்ஸியும் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே, பக்கத்தில் நின்றவளைப் பார்த்து அழுதாள்.

6

வீட்டுக்கு வந்து இனிகோ சொன்ன பிறகுதான் அவளுக்குக் கஸ்பார் கதை முழுக்க விளங்கியது. லேப்டாப்பைத் திறந்து, ‘கஸ்பார்’ என்ற பெயர் வருகிற வரியை மட்டும் தேடி எடுத்தாள். மூன்று பத்தியும் சேர்ந்து வந்து நின்றது. கரை சேர.

“இனிகோ, இது நான் பண்ணுனது.”

இனிகோ வாசித்தான். லேப்டாப்பை மூடிவைத்தான்.

“விடுளா” என்றான்.

“என்ன விடுளா? நான் போய்ச் சொல்லுதேன்.”

“சொல்லி? அந்த மைனி இன்னைக்குத்தான் அழுதிருக்கு. ஊருக்கே இப்பதான் மூச்சு வந்திருக்கு. கஸ்பார் அண்ணன் வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், அந்தக் கடலுக்கும் தெரியும். நீ போய், ‘இல்லக்கா, தப்பு, நீங்க இன்னும் காத்துக் கெடங்க’ன்னு சொல்லப் போறியா?”

“அதுக்காவ?”

“அதுவும் போவ, ஒன்னயத்தான் பேசுவாக. சி.எஸ்.ஐ. பிள்ள, நம்ம ஆத்துமா வெவகாரம் அதுக்கு என்ன தெரியும்னு.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டாம் என்றாள் ஜெப்ஸி. முதலில் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தால் அது இரக்கம் என்று தன்னையே நம்ப வைத்திருக்கலாம். இரண்டாவதைக் கேட்ட பிறகுதான் அவள் வாய் உண்மையிலேயே மூடிக்கொண்டது. ஆகவே அது இரக்கம் இல்லை, பயம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

7

மூன்றாம் பகுதியில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

பத்து வரி பார்த்தாள், எல்லாம் ஒன்று போல இருந்தது, அதனால் வெட்டினாள் என்று எழுதினேன். அசட்டை. யாருக்கும் வரக்கூடியது. நீங்களும் ‘ஐயோ பாவம்’ என்றிருப்பீர்கள். அதற்காகத்தான் அப்படி எழுதினேன். எழுதியதை ஜெப்ஸியிடம் வாசித்துக் காட்டினேன்.

“அண்ணாச்சி, நான் சொன்னத விட்டுட்டீங்களே” என்றாள்.

அவள் சொன்னது இது. பத்து வரி பார்த்த பிறகு, முழு ஃபைலும் திரையில் ஓடியது. ஓடவிட்டாள். வாசிக்க நேரம் இருந்தது. கன்டெய்னர் பட்டியலாக இருந்தால் நிறுத்தி வாசித்திருப்பாள். ஒரு பெட்டி மாறிப்போனால் கப்பல்காரன் தொலைத்துவிடுவான். இங்கே மூன்றாம் பத்தியைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. செத்துப்போனவனுக்கு அப்புறம் என்ன ஜெபம்? நாசரேத்தில் அவள் வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பிரிந்த ஆத்துமா தேவன் கையில், அவ்வளவுதான். இத்தனை பேர் இத்தனை வரி இதைப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தாள். அந்தப் பத்தியில் இருந்தது எதுவும் அவளுக்குப் பொருட்டாகவே படவில்லை. அதனால்தான் வாசிக்கவில்லை.

“தெரியாமப் பண்ணுனேன்னா மன்னிப்புக் கேட்டுருவேன். எளக்காரமா நெனச்சுப் பண்ணுனேன். அத எப்படிப் போய் அந்த அக்காட்ட சொல்லுவேன்?”

நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இந்த இளக்காரத்தை எழுதாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும். கதாநாயகி தப்புவாள். ஆனால் அவளைத் தப்பவிட நான் யார்? அவளே வேண்டாம் என்கிறாள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இன்னொருத்தியின் அவமானத்தைத் தேய்த்து மெருகேற்றி விற்கப் பார்த்த கூச்சம்.

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கஸ்பார் இலங்கைச் சிறையிலிருந்து விடுதலையாகித் திரும்பி வருகிறான். சிலுவை நடுகிற அன்றைக்கே பஸ்ஸிலிருந்து இறங்குகிறான், கையில் பழப்பையோடு – இந்தப் பழப்பை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஜெப்ஸி தப்பிக்க ஒரு மனுஷனைக் கடலிலிருந்து எழுப்பிக் கொண்டுவருகிறேன். வெட்கங்கெட்ட முடிவு.

இரண்டு: ஜெப்ஸி ஞாயிற்றுக்கிழமை பூசையில் மைக்கைப் பிடித்து ஊர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். எல்லாரும் அழுகிறார்கள், மன்னிக்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்று: ஜெப்ஸி சொல்லவே இல்லை. தாலி இறங்குகிறது. சிலுவை நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் ஃபைலை முழுதாக வாசிக்கிறவளாக –

இதுதான் நடந்தது என்று நினைக்கிறீர்களா? அவள் சொல்லிக்கொண்டு வரும்போது நானும் அப்படித்தான் ஊகித்தேன். அவள் இல்லை என்றாள். அமலோற்பவம் முந்திக்கொண்டுவிட்டாள்.

9

அடுத்து வந்த சனிக்கிழமை மத்தியானம். இனிகோ டியூட்டியில் இருந்தான். மறுநாள் பூசை முடிந்ததும் கஸ்பாருக்குச் சிலுவை நடுவதாகவும், அமலோற்பவம் தாலியைக் கழற்றி மாதா பாதத்தில் வைப்பதாகவும் ஏற்பாடு. தொம்மை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். ஜெப்ஸி அந்த வாரம் முழுக்க ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டுக்கு வெளியே தலைகாட்டவில்லை.

அமலோற்பவம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“ஏளா ஜெப்ஸி, ஒண்ணு கேக்கணும். ஒனக்குத்தான் தெரியும்னு சாமி சொன்னாவ.”

“சொல்லுங்கக்கா.”

“சாமிட்ட போயிக் கேட்டேன், சேதி ஏதும் வந்துச்சான்னு. வரலையாம். லிஸ்ட்டுல இருந்துச்சு, வாசிச்சேன்னாவ. நான் ‘கரை சேர’ன்னுதான் கொடுத்தேன். எனக்குப் புத்தி பெசகல. தொம்மை அத்தான்ட்டயும் கேட்டேன். நான் வேற சீட்டுக் கொடுக்கலன்னு மாதா மேல கை வச்சுச் சொல்லிட்டாரு.”

ஜெப்ஸி வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மனுசன் யாரும் தப்புப் பண்ணிருந்தா இந்நேரம் வந்து சொல்லிருப்பான்லா? நான் இந்தப் பாடு படுறதப் பாத்துட்டு எந்த மனுசன் சும்மா இருப்பான்?” என்றாள் அமலோற்பவம். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படி ஒரு ஆள் இருக்க முடியாது என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

“அப்ப ஒண்ணு மிஷினு பண்ணிருக்கணும். இல்லேன்னா மேல இருந்து வந்திருக்கணும். மேல இருந்து வந்துச்சுன்னா நான் ஏத்துக்கிடுவேன். ஏத்துக்கிட்டேன்னு வையி. இப்பக் கொஞ்ச நாளாத்தான் ராத்திரி தூக்கம் வருது. அதான் கேக்கேன். நீ படிச்சவ, பொய் சொல்லமாட்ட. கம்ப்யூட்டரு தப்பா எடுக்குமா?”

இங்கே நிறுத்துகிறேன்.

ஜெப்ஸியின் தொழில் தெரிந்தவர்கள் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள். எடுக்காது. இரண்டாம் பத்தியைக் கேட்டாள், இரண்டாம் பத்தியைக் கொடுத்தது. அட்சரம் பிசகாத உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் நாளைக்குத் தாலி இறங்கும், கடவுளின் பெயரால். ‘எடுக்கும்’ என்று சொன்னால் அது பொய். அந்தப் பொய் கஸ்பாரைத் திரும்பவும் கடலில் உயிரோடு விடும், அமலோற்பவத்தைத் திரும்பவும் தூக்கமில்லாமல் வாசலில் உட்கார வைக்கும், ஜெப்ஸியைக் காப்பாற்றியும் விடும். மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. அதற்கு, எந்த மனுசன் சும்மா இருப்பான் என்று கேட்டவளின் முகத்தைப் பார்த்து, ‘நான்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

அமலோற்பவம் எந்தப் பதிலை எதிர்பார்த்து நின்றாள் என்று ஜெப்ஸியிடம் கேட்டேன். “அவ முகத்தப் பாத்திருந்தாத்தான அண்ணாச்சி” என்றாள்.

தான் என்ன சொன்னாள் என்பதையும் ஜெப்ஸி என்னிடம் சொன்னாள். அதை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவளை மன்னித்துவிடுவீர்கள், அல்லது திட்டித் தீர்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள். இரண்டுமே உங்களுக்கு வசதி. அதனால் அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டேன். இப்போது வாசலுக்கு உள்பக்கம் நிற்பது நீங்கள். வெளியே வெயிலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, அமலோற்பவம் நிற்கிறாள்.

“என்னளா, பேசாம நிக்க? எடுக்குமா, எடுக்காதா?”